இடது பக்கம் காலி

அவருக்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்தவன் அவருடைய மைத்துனன். "எங்க அக்கா ரெண்டு ஸ்டெப்னி இல்லாம வண்டிய எடுக்கமாட்டா. ஒண்ணு டிக்கியில கிடக்கும். இன்னொண்ணு முன் சீட்டுல உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கும்" என்று ஒரு விருந்தில் எல்லோரும் கேட்கும்படி சொன்னான். சிரித்தவர்களில் அவரும் ஒருவர். கோபித்துக்கொள்ளலாம் என்றால் அதில் பொய் எதுவும் இல்லை.

ஓட்டுநர் தேர்வுக்கு மூன்று முறை போனவர் அவர். முதல் முறை வண்டி நகரவே இல்லை. இரண்டாம் முறை நகர்ந்தது, பின்பக்கமாக. மூன்றாம் முறை இவர் வருவதைப் பார்த்ததுமே இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் இவருக்கே மனசு விட்டுப்போய், "சார், இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். அந்த இன்னொரு நாள் வரவில்லை.

மனைவிக்கு வேலையே வண்டியில்தான். ஊர் ஊராகப் போய், ரத்தம் பரிசோதிக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பவள். லேப்காரர்களுக்கு அவள் மெஷின்காரம்மா. கல்யாணமான புதிதில் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று.

"என்ன வேணா பேசுங்க. ரோட்டைப் பத்தி மட்டும் பேசாதீங்க. பிரேக்கு என் காலுக்குக் கீழ இருக்கு, உங்க வாயில இல்ல."

இருபத்தெட்டு வருஷம் அதை மீறாமல் உட்கார்ந்திருந்தார். கடல் பார்க்கப் போன நீண்ட பயணங்களிலும் சரி, பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் சரி. எதிரே லாரி முகத்துக்கு நேராக வந்தாலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தாது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, அவள் கேட்பதற்கு அரை நிமிஷம் முன்னாலேயே நீட்டுவார். சாப்பிட்ட பின் தூங்கமாட்டார். கொட்டாவி ஓட்டுகிறவளுக்கும் தொற்றிக்கொள்ளுமே என்று ஜன்னல் பக்கம் திரும்பி அதை முழுங்கிவிடுவார். லேப் முதலாளிகளை அவள் வறுத்தெடுக்கும்போது சரியான இடத்தில் "ம்" கொட்டுவார். ஆரஞ்சை உரித்து, நார் நீக்கி, கொட்டை எடுத்து, சுளை சுளையாகக் கொடுப்பார். "இவரை மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்தா உலகத்தையே சுத்தி வரலாம்" என்று அவளே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அவரிடம் இல்லை, தம்பியிடம்.

அவர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் பார்க்காத தாள், அதைப் படித்தே முப்பத்தோரு வருஷம் சம்பளம் வாங்கினார். படித்தார் என்றும் சொல்ல முடியாது. கால் விட்டுப்போயிருக்கிறதா, கொம்பு மாறியிருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. வாந்தி, தலைசுற்றல், திடீர் மரணம் எல்லாம் அவருக்கு எழுத்துகள்தாம்.

போன வருஷம் ஓய்வு பெற்றார். "வீட்டுல உட்கார்ந்து கடிகாரத்தையா பார்க்கப்போறீங்க? என்கூட வாங்க" என்றாள் அவள். அன்றிலிருந்து தினமும் முன் சீட்டு.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள், மார்க்கெட் முனையில் அவள் வண்டியை இடது பக்கம் ஒடித்தபோது, அவர் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

"சைக்கிள்!"

வண்டி குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் பானெட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகச் சட்டத்தை மீறியிருக்கிறார். அவள் ஸ்டீயரிங்கை நேராக்கினாள். கியரை மாற்றினாள், கிளம்பினாள். வீடு வந்து சேரும்வரை அவர் காத்திருந்தார். அந்தத் திட்டு வரவே இல்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள், வேண்டுமென்றே, "ஸ்கூட்டர்" என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் பேச்சு வரவில்லை. அடுத்த வாரம் ஒரு திருப்பத்தில் அவள் வண்டியை மெதுவாக்கிக் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"காலி" என்றார்.

அவள் திருப்பினாள்.

அப்புறம் அது பழகிப்போயிற்று. சைக்கிள். ஆடு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க. காலி. வீட்டில் அவளுடைய இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. இடது பக்கம் வைத்த டம்ளர் கை பட்டு விழுந்தது. அவர் துணி எடுத்துத் துடைத்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் கண்ணாடி துடைக்கத் துணி தேடி டாஷ்போர்டைத் திறந்தார். கையேட்டுக்கு அடியில் ஒரு கண் சொட்டு மருந்து. ரப்பர் பேண்டு போட்ட தாள். பிரித்தார். அது அவர் பார்த்த புரூஃப். "இழந்த பக்கப் பார்வை திரும்பாது" என்ற வரி நன்றாக நினைவிருந்தது. கம்போசிங்கில் கால் விட்டுப்போய் "திரும்பது" என்று வந்திருந்ததைச் சிவப்பு மையில் சுழித்தவர் அவர்தான். கால் இப்போது சரியான இடத்தில் நின்றது. அதைத்தான் முதலில் பார்த்தார். அர்த்தத்தைப் பிறகுதான் பார்த்தார்.

ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று, பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார். வரவில்லை. தாளைப் பழைய மடிப்பிலேயே எட்டாக மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னாள்: "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். அதுக்கப்புறம் இந்த ஸ்டீயரிங் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

"ம்" என்றார். அடுத்த மூன்று வாரமும் "காலி" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இன்று காலை மகளையும் ஐந்து மாதப் பேத்தியையும் அவர்கள் ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். நாலு மணி நேர ரோடு. டிக்கியில் பெட்டிகள் ஏறியாயிற்று. மகள் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்தாள். குழந்தையின் நாற்காலியை இடது ஜன்னலோரம் மாட்டியிருந்தாள். மனைவி ஸ்டீயரிங்கில். முன் கதவு அவருக்காகத் திறந்திருந்தது. தண்ணீர் பாட்டிலும் ஆரஞ்சுப் பையுமாக அவர் கதவருகே நின்றார். பேத்தியின் ஒரு காலில் காலுறை இல்லை. அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க, நேரமாகுது."

"நான் வரல."

"என்னது?"

"கழுத்து பிடிச்சுக்கிச்சு. திரும்ப முடியல."

பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "விடுங்கம்மா. அப்பா படுத்திருக்கட்டும். நீங்க தனியாவே ஓட்டுவீங்க, உங்களுக்கு என்ன?"

அவள் என்ஜினை ஏற்கெனவே ஓடவிட்டிருந்தாள். "நீங்க வராம எப்படிங்க..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"உனக்குத் தெரியாத ரோடா?" என்றார் அவர். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது. ஆனால் கேட்டாயிற்று.

அவள் திரும்பினாள். இப்போதெல்லாம் அவரைப் பார்க்க அவள் முகம் முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது.

"டாஷ்போர்டைத் திறந்தீங்களா?"

"துணி தேடினேன்."

"எப்போ?"

"மூணு வாரம் இருக்கும்."

"படிச்சீங்களா?"

"அது நான் பார்த்த புரூஃபு."

"ரெண்டு பேரும் என்ன பேசறீங்க?" என்றாள் மகள்.

அவள் ஸ்டீயரிங்கின் உறையில் பிய்ந்திருந்த ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினாள். அது ஒட்டவில்லை. "ரெண்டு வருஷம்ங்க" என்றாள். "ரெண்டே ரெண்டு வருஷம்."

"குழந்தைக்கு ஒரு காலுறை காணோம், பாரு" என்றார் மகளிடம்.

என்ஜின் நின்றது.

"ஏய், முன்னாடி வா. நீ ஓட்டு."

"நானா? இந்த வண்டியையா? தொடவே விடமாட்டீங்களே?"

"எனக்கு இடது பக்கம் தெரியல. கொஞ்ச நாளா." மெஷினில் என்ன கோளாறு என்று லேப்காரரிடம் சொல்லும் குரலில், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "இவருதான் சொல்லிச் சொல்லி ஓட்டவச்சாரு."

மகள் அடுக்கடுக்காகக் கேட்டாள். எந்த டாக்டர், எப்போதிருந்து, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, அப்பா நீங்களுமா. அதற்கெல்லாம் அவள் சுருக்கமாகப் பதில் சொன்னாள். அவர் காலுறையைத் தேடி எடுத்தார். அது சீட்டுக்கு அடியில் கிடந்தது.

இடம் மாறி உட்கார்ந்தார்கள். மகள் ஓட்டினாள். முன் சீட்டில் மனைவி. பின்னால் அவர், குழந்தைக்குப் பக்கத்தில். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. அந்தக் கை தோள்வரை மரத்துப்போனது. எடுக்காமல் வைத்திருந்தார்.

"கியரை இறக்கு. பஸ்ஸை ஒட்டாத. பள்ளம், பள்ளம்!"

"அம்மா, பிரேக்கு என் காலுக்குக் கீழதான் இருக்கு" என்றாள் மகள். அந்தச் சட்டத்தைக் கேட்டு வளர்ந்தவள்தானே.

மனைவி வாயை மூடிக்கொண்டாள். ஒரு திருப்பத்தில், அவளுடைய ஜன்னலை உரசுவதுபோல ஒரு ஸ்கூட்டர் ஏறி வந்தது. அவள் தலை அசையவில்லை. அவர் வாய் திறந்தது. அதற்குள் மகள் பார்த்துவிட்டாள். நின்று, வழிவிட்டு, திருப்பினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பாதி வழியில், இரண்டு சீட்டுக்கும் நடுவே அவளுடைய வலது கை பின்னோக்கி வந்தது. ஒரு கையால் உரித்த ஆரஞ்சிலிருந்து ஒரு சுளையை எடுத்து அதில் வைத்தார். கொட்டை எடுக்க முடியவில்லை. அவள் அப்படியே தின்றாள். கொட்டையைக் கைக்குட்டையில் துப்பிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் என்னங்க போகுது?" என்றாள்.

அவர் பார்த்தார். "டயர் கடை. வாசல்ல ஒருத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காரு."

"ம்."

"பூட்டின கடை ஒண்ணு. அப்புறம் பெட்ரோல் பங்க்."

"ம்."

"அப்புறம் காலி."

"ம்" என்றாள். கை மறுபடி பின்னால் வந்தது.