வாய்தாவுக்குக் குத்திப் போகும் ஊக்கு

எனக்கு மன்னிக்கத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் யாரும் பெரிய மனசை எதிர்பார்க்க வேண்டாம்.

என் தம்பியை வெட்டியவனின் பெண்டாட்டியும் நானும் சிவகாசிப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். ஊரும் ஒன்றுதான், தெரு வேறு. பொங்கலுக்கு எங்கள் தெருப் பையன்கள் கட்டிய பேனரை அவர்கள் தெருவில் எவனோ கிழித்தான். அதைக் கேட்கப் போனவன் என் தம்பி. மறுநாள் பட்டப்பகலில், பஸ் ஸ்டாப்பில் வைத்து இவள் புருஷன் அவனை வெட்டிக் கொன்றான். எதிர்க் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த நான் வெட்டினவன் முகத்தை இந்தக் கண்ணால் பார்த்தேன். கேஸில் நான்தான் முதல் சாட்சி.

அவன் பெண்டாட்டி போலீசில் என்ன சொன்னாள் தெரியுமா? "அந்நேரம் எங்க வீட்டுக்காரரு வீட்ல சோறு தின்னுக்கிட்டு இருந்தாரு. நாந்தான் போட்டேன்." அந்த நாக்கு அழுகாதா?

அதுவரை ஊரிலிருந்து ஒரே வேனில்தான் வேலைக்குப் போவோம். அப்புறம் ரெண்டு வேன் ஆனது. அவர்கள் வேன் போய்ப் பத்து நிமிஷம் கழித்துத்தான் எங்கள் வேன் கிளம்பும்.

பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற ரூமுக்குள் இரும்பு போகக் கூடாது. ஒரு உரசல் போதும், ரூமில் இருக்கிற நாலு பேரும் கரிக்கட்டைதான். போர்மேன் ஆம்பளை, எங்களைத் தொட்டுச் சோதிக்க முடியாது. அதனால் வாசலில் நாங்களே ஒருத்தியை ஒருத்தி தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொண்டை ஊசியோடு போய் நின்றேன். "ஏ கூறுகெட்டவளே, எல்லாரையும் சேத்து எரிக்கப் பாக்கியா?" என்று திட்டி அதை உருவிப் போட்டது இவள்தான்.

வெட்டுக்குப் பிறகு அந்தத் தடவல் நின்றுபோனது. அவர்களை நாங்கள் தொடமாட்டோம், எங்களை அவர்கள் தொடமாட்டார்கள். அவளவள் தன்னையே தடவிக்கொண்டு உள்ளே போனாள். உயிரோடு விளையாடுகிறோம் என்று தெரியாமல் இல்லை. எல்லாம் வீம்பு.

தீபாவளி சீசனில் ஆள் பற்றவில்லை. போர்மேன் என்னையும் அவளையும் ஒரே ரூமில் போட்டார். நான் முறைத்தேன். "சண்டைய ஊர்ல வச்சுக்கோங்கத்தா. மருந்துக்கு எந்தத் தெருவும் தெரியாது" என்றார்.

அவள் எனக்கு முன்னால் படியேறினாள். சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டை விலகியிருந்த இடத்தில், தோளில் ஊக்கு மினுங்கியது. கழற்ற மறந்திருக்கிறாள். பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. போய்த் தொலை, என் அம்மா கத்தின கத்தல் உன் வீட்டிலும் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டே பின்னால் போய் உட்கார்ந்தேன். நானும் சேர்ந்து சாவேன், சாகட்டும். கூட இருந்த ரெண்டு பேரும் எங்கள் தெருப் பெண்கள்தான். அவர்கள் நினைப்பே எனக்கு வரவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அவள் மருந்துத் தட்டின் மேல் குனிந்தாள். ஊக்கு திறந்துகொண்டு முந்தானையில் தொங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் செத்தால், கொள்ளி வைக்க அவனை ஜெயிலிலிருந்து ஜாமீனில் விடுவார்கள். "பாவம், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன்" என்று ஊரே அவனுக்காக உச்சுக்கொட்டும். இவள் சொன்ன பொய் இவளோடு எரிந்துவிடும். நான் கண்ட மெய்யும் என்னோடு எரிந்துவிடும். அடிப் பாவி, இம்புட்டு லேசாவா நீ போவே?

"அசையாத!" என்றேன். பொங்கலுக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. எழுந்து போய், மெல்ல ஊக்கை உருவி வெளியே கொண்டுபோனேன்.

அவள் பின்னாலேயே வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசுரக் காப்பாத்திட்டீகளேக்கா" என்று அழுதாள்.

கையை உதறினேன். "ஒனக்காக ஒண்ணும் எடுக்கல. நீ சாகக் கூடாது. கூண்டுல ஏறி, என் மொகத்தப் பாத்து, சோறு போட்டேன்னு சொல்லணும். அம்புட்டுத்தான்."

மறுநாளிலிருந்து வாசலில் அவளை நான்தான் தடவிப் பார்க்கிறேன். உச்சி முதல் கால்வரை, ஒரு மடிப்பு விடாமல். மற்றவர்கள் நாங்கள் ராசியாகிவிட்டோம் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

ஊக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் தோளில் அதைத்தான் குத்திக்கொண்டு போகிறேன். போன வாய்தாவில் கோர்ட்டு வராந்தாவில் வைத்து அவர்கள் வக்கீல் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "அந்நேரம் நான்தான் சோறு போட்டேன்னு தெளிவாச் சொல்லணும். எங்கே, ஒரு தடவ சொல்லும்மா."

அவள் என் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மா" என்றார் மறுபடியும். அவள் வாயைத் திறக்கவில்லை.