ஊரில் வைக்காமல் வந்த கிளாரினெட்

பெங்களூரில் பொம்மசந்திராவுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் என் விரல்கள் சும்மா இருப்பதில்லை. மடியில் இருக்கும் சாப்பாட்டுப் பைமேல் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் ஃபுளூட், சிக்னலில் நின்றால் கிளாரினெட், பாலம் ஏறினால் சாக்ஸபோன். பக்கத்து இருக்கை மஞ்சுநாத் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "கை நடுங்குது அல்லவா சார்? ஜயநகர்ல ஒள்ளே, நல்ல நரம்பு டாக்டர் இருக்காரு." இது கிளாரினெட் என்றேன். "அது தினா சாப்பிடணுமா?" என்று அக்கறையாக விசாரித்தார். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் தலையை ஆட்டிவைத்தேன். இன்றுவரை என்னை ஒரு நோயாளியாகத்தான் நடத்துகிறார், ஜன்னலோர இடத்தையும் விட்டுத் தருகிறார்.

ஒரு கருவியோடு நிற்காமல் மூன்றைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் என் திறமை இல்லை. நாகர்கோவில் பக்கம் எங்கள் சபையின் வாத்தியக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடு போகிறவன் தன் கருவியைக் குழுவுக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும். மஸ்கட்டுக்குப் போனவனின் ஃபுளூட் என்னிடம் வந்தது. அதில் காற்று ஒழுங்காக நிற்பதற்குள் துபாய்க்காரனின் கிளாரினெட், பிறகு குவைத்காரனின் சாக்ஸபோன். ஒவ்வொரு தடவையும் கிறிஸ்துமஸ் நெருங்கியிருக்கும், பழக நாள் இருக்காது. ஃபுளூட்டில் துளையின் மேலாக ஊதினால் போதும். கிளாரினெட்டில் கீழுதட்டைப் பல்லில் மடித்து இறுக்க வேண்டும். அரை மணி நேரம் அப்படி இறுக்கிவிட்டு ஃபுளூட்டை எடுத்தால் வெறும் காற்றுதான் வரும். சாக்ஸபோனில் மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் அதே விரல்கள். அந்த நினைப்பில், ஸ்தாயிக்கு ஸ்தாயி விரல் மாறும் கிளாரினெட்டை வாசித்தால் மானம் போகும். எனக்கு எத்தனையோ முறை போயிருக்கிறது.

பிறகு நான் கிளம்பும் முறை வந்தது. மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி பஸ் தூரம்தானே, பாஸ்போர்ட்டா, விசாவா, இதையெல்லாம் போனதாக எப்படிக் கணக்கெடுப்பது? அடுத்த பண்டிகைக்கு வந்து வாசிப்பேன் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அந்தப் பண்டிகைக்கு ஷிப்ட் மாறியது. அதற்கடுத்த பண்டிகைக்கு மகளுக்குப் பரீட்சை. இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

இங்கே கன்டோன்மென்ட் பக்கத்துச் சபை ஒன்றில் சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. நடத்துகிற பிரிசில்லா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். என் நாற்காலியைச் சுற்றி, கருவிகளை நிறுத்த மூன்று தாங்கிகள் வைத்துத் தந்திருக்கிறாள். நான் ஒன்றை வைத்து இன்னொன்றை எடுக்கும்போது மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த ஊரில் நான் இல்லாவிட்டால் தெரியும் என்கிற ஒரே இடம் அதுதான்.

போன மாதம் ஊரிலிருந்து குழுவை நடத்தும் செல்வின் கூப்பிட்டான். தையல் கடை வைத்திருக்கும் ஜெபராணி கிளாரினெட் படிக்கிறாளாம், பக்கத்துச் சபையில் இரவல் வாங்கி. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கிறேன், எப்படியும் வந்துவிடுவேன் என்று ஆரம்பித்தேன்.

"எப்ப வாறீங்கன்னு நான் கேக்கல்ல அண்ணே. கிளாரினெட் எப்ப வருமுன்னுதான் கேக்கேன்."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் போனவனாக அவர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். தெரியாமல் இருந்தவன் நான் மட்டும்.

பிரிசில்லாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணா, பேஜாரா எடுத்துக்காதீங்க. ஃபுளூட்டுக்கு ரெண்டு பேரு, சாக்ஸுக்கு ஒருத்தரு ஏற்கெனவே இருக்காங்க. கிளாரினெட்டுக்குத்தான் ஆளே இல்ல. உங்கள எடுத்ததே அதுக்குத்தானே" என்றாள். நியாயம்தான். புதிதாக ஒன்று வாங்கலாம், ஆனால் அதற்குள் இந்தக் கிறிஸ்துமஸ் போய்விடும், நாற்காலியும் போய்விடும். மூன்று வாரம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அங்கே போக முடியாத ஒருவனுக்கு அந்த ஊர்க் கருவி மட்டும் எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

நேற்று மாலை, பொம்மனஹள்ளியில் நாகர்கோவில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கிளாரினெட் பெட்டியோடு போனேன். பார்சல் போடுகிறவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, "நீங்களும் ஏறறீங்களா சார்?" என்றார்.

"இல்ல. இது மட்டும்தான் போகுது."

பஸ் நகர்ந்ததும் அப்படியே ஒத்திகைக்கு வந்தேன். பிரிசில்லா காலியான தாங்கியைப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பாட்டை ஆரம்பித்தாள். பாட்டின் நடுவில் கிளாரினெட் தனியாக வரவேண்டிய முப்பத்தாறு பார், முப்பத்தாறு தாளக்கட்டு, வந்தது. அவள் கை நிற்காமல் வீசிக்கொண்டிருந்தது. யாரும் வாசிக்காத அந்த இடத்தில் நான் பார்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் அந்நேரம் ஓசூர் தாண்டியிருக்கும்.