கடைசி வயலுக்கு வந்த சாவி

நான்கு வருடங்களுக்கு முந்தைய புரட்டாசி மாதம். வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் சொந்த ஊரிலேயே கல்யாணம் ஆனவள். கணவர் சிங்கப்பூரில் இருப்பதால் சம்பா சாகுபடி முழுக்க என் தலையில். எங்களுடையதோ வாய்க்காலின் கடைசி வயல். மேலே எல்லோருக்கும் பாய்ந்து மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு, வயலுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துத்தான் விட்டார்கள். நட்ட பயிர் வெடித்த மண்ணில் என் கண்ணெதிரே மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திரும்பும் ஒவ்வொரு மடையிலும் இரும்புப் பலகை போட்டுப் பூட்டியிருப்போம். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. அது கட்சிப் பொறுப்பில் இருந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இருந்தது. முதல் வயலே அவருடையதுதான். அவருக்கு வேண்டியவர்களின் மடை கூடுதல் நேரம் திறந்திருக்கும். தேர்தல் வந்தால் அந்தத் தண்ணீர் ஓட்டாகத் திரும்பி வரும். வேண்டாதவர்கள் இருட்டில் கரையை வெட்டினார்கள்; போகப்போக வேண்டியவர்களும் வெட்டினார்கள். அதில் இரண்டு வீட்டார் மண்வெட்டியாலேயே அடித்துக்கொண்டு, ஒருவருக்கு மண்டை உடைந்து, போலீஸ் கேஸ் ஆகிவிட்டது.

என் தங்கை தஞ்சாவூரில் வக்கீல். அந்தப் பெரியவரை உள்ளே தள்ள வழி பண்ணு என்று போனில் குமுறினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவள், வாய்க்கால் கரையில் மேலிருந்து கீழ் வரை நடந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"கரைய வெட்டுனா குத்தம்னு சட்டம் இருக்குக்கா. ஆனா வெட்டலைன்னா பயிர் போயிடும், வெட்டுனா பொழச்சுக்கும். மாட்டவும் மாட்டாங்க. யாரா இருந்தாலும் வெட்டத்தான் செய்வாங்க. அவரும் கெட்டவர்னு இல்ல. முதல் வயல்காரர் கையில சாவி இருந்தா, உனக்குத் தண்ணி வராததுல அவருக்கு என்ன நஷ்டம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா இவளைச் சட்டம் படிக்க வைத்தோம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே பிள்ளையார் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். தங்கை எழுந்ததும் ஒருவர், "கோர்ட்டுல பேசறத இங்க பேசாதம்மா" என்று கிண்டலடித்தார். அவளும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"சாவிய கடைசி வயல்காரங்ககிட்ட குடுங்க. அவங்களுக்குத் தண்ணி போகணும்னா உங்க எல்லாரையும் தாண்டித்தான் போகணும். அதனால முறை தப்பி யாருக்கும் விட மாட்டாங்க. அவங்களே உங்க முறையைத் திருடுனாலும் உங்க வயலைத் தாண்டித்தான் கொண்டு போகணும், நீங்க பார்த்துடுவீங்க."

கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அப்போதுதான் அந்தக் கடைசி வயல்காரி நான்தான் என்று எனக்கே உறைத்தது. பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியவர், அடித்துக்கொண்ட இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்த பக்கம் மாறி மாறிப் பார்த்தார். அவர் மாட்டேன் என்றால் என் பயிர் அவ்வளவுதான்.

"அடிச்சுக்கிட்ட ரெண்டு பேருமே எனக்கு வேண்டியவங்க" என்றார் கடைசியில். "ஒருத்தனுக்காக ஸ்டேஷனுக்குப் போனா இன்னொருத்தன் மூஞ்சியத் திருப்பிக்கிறான். எனக்கும் போதும்மா." இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

மூன்றாம் நாளே மேல்வயல் சித்தப்பா வந்து, இன்னும் கொஞ்ச நேரம் திறந்து விடச் சொன்னார். எனக்குப் பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமே இல்லை. ஆனாலும், "உங்களுக்கு விட்டா எனக்குக் காஞ்சிடும் சித்தப்பா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தங்கை சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நியாயமாக நடக்க எனக்குத் தைரியமே தேவைப்படவில்லை.

அந்த வாரம் தண்ணீர் என் வயலுக்கு வந்தது. வெடிப்புகளில் அது இறங்குவதை வீடியோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பியபோது அழுதுவிட்டேன். அதன்பிறகு எங்கள் வாய்க்காலில் யாரும் கரையை வெட்டியதில்லை. ஊரில் என்னைச் சாவிக்காரம்மா என்கிறார்கள். அதைவிட, அவளுக்கு அக்கா என்பதில்தான் எனக்குப் பெருமை.

இப்போதெல்லாம் டிவியில் யாராவது தன் நேர்மையைப் பற்றிப் பேசினால், என் கை தானாக இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்க்கிறது. இவருடைய வயல் வாய்க்காலில் எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் மனம் கேட்கிறது.