மாரிக்கண்ணனின் பருத்தித் தூண்டில்

எம். புதுப்பட்டி மாரிக்கண்ணன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தே வயதானவர். மருந்து அறைக்குள் நைலான் துணி ஆகாது; உரசினால் பொறி வரும். அந்தப் பழக்கத்தில் அவர் வீட்டுக்குள்ளும் நைலானை விட்டதில்லை. கொடிக்கயிறு முதல் மனைவி பொன்மணியின் சேலை வரை எல்லாம் பருத்தி.

போன வருடம் ஒரு தட்டு மருந்து பற்றிக்கொண்டதில் அவருடைய வலது உள்ளங்கை வெந்தது. புண் ஆறியது, விரல்கள் சுருங்கிப்போயின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. இடது கையில் கரண்டி பிடித்துத்தான் சோறு தின்றார். பழக்காவிட்டால் விரல்கள் இப்படியே நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கூட இருந்து பழக்கிவிடத்தான் அந்த வீட்டில் என்னை வேலைக்கு வைத்தார்கள்.

ஈரத்துணி பிழியச் சொன்னேன். பயறு பொறுக்கச் சொன்னேன். "நாளைக்குப் பாப்போம்க்கா" என்பார். மறுநாளும் அதையே சொல்வார்.

அவரை அசைத்தது பக்கத்து வீட்டுச் சங்கிலிமுத்து. கம்பெனி வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் தூண்டில் போட்டு, பிடித்த ஜிலேபிக் கெண்டைகளை ஓலை நாரில் கோத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்.

"மதினி, கொளம்பு வைங்க. அண்ணனுக்குத் தெம்பு வேணும்ல."

"தம்பி கைராசிக்காரரு" என்று பொன்மணி சிரித்துக்கொண்டே வாங்குவாள். அந்தக் குழம்பை மாரிக்கண்ணன் தொடமாட்டார்.

"எனக்கு மோர் ஊத்து."

"நல்ல மீனுங்க."

"அவன் மீனு."

ஒரு ஞாயிறு அவரே தூண்டிலோடு கிளம்பினார். கரையில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு கைதான் என்பதால் நானும் போனேன். கம்பு, துணி காயப்போடும் தடித்த மூங்கில். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டார். நூல், புரி போட்டு முறுக்கிய பருத்தி. அது தண்ணீரைக் குடித்து ஊதித் தொய்ந்தது. மீன் புழுவைக் கொறித்துவிட்டுப் போனது கூட அவருக்குத் தெரியவில்லை.

சற்றுத் தள்ளிச் சங்கிலிமுத்து இருந்தார். அவர் கம்பு விரல் கனம், நுனி வளையும். நூல், தலைமுடி போல மெல்லிய தங்கூசி, நைலான் இழை. சின்னக் கெண்டை வாய் வைத்தாலும் நுனி தலையாட்டும். மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டுவார், மீன் கரையில் கிடக்கும்.

"அண்ணே, மீன் பிடிக்க வந்தீகளா, மாட்டக் கட்ட வந்தீகளா?"

"ஒன் சோலியப் பாருலே."

"தங்கூசி தாரேன், போட்டுப் பாருங்க."

"நைலான் எனக்கு ஆகாது."

"ஆமா, கம்மாத் தண்ணி பத்திக்கிரும்."

மாரிக்கண்ணனின் கண் தன் தூண்டில் தக்கையில் இல்லை. சங்கிலிமுத்துவின் மீன் கோர்வையில் இருந்தது.

"இத்துனூண்டு மீனுக்கு எதுக்கு இம்புட்டுக் கம்பு? கை தாங்குறத எடுங்க" என்றேன்.

"அவன் கம்பு மாதிரியா?"

"ஒங்க கைக்குத் தோதா."

மறுநாள் சிவகாசி போய் மெல்லிய கம்பும் தங்கூசியும் வாங்கி வந்தார். தங்கூசியை வேட்டி மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்தார். தூண்டில் முள்ளின் காதில் அதைக் கோத்து முடிச்சுப் போட இரண்டு விரல் சேர வேண்டும். முடியவில்லை.

"சங்கிலிமுத்துகிட்டக் குடுங்க, நொடியில முடிஞ்சிருவாரு" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"அவன் முடிச்சுல விழுற மீனு எனக்கு வேண்டாம்."

அன்று முதல் கொல்லையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பார்த்தார். நழுவும், சங்கிலிமுத்துவைத் திட்டுவார், திரும்பக் கோப்பார். நான் பயறை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். சில வாரங்களில் விரல்கள் நெருங்கி வந்தன. பிறகொரு நாள் முடிச்சு நின்றது.

அடுத்த ஞாயிறு ஒரே ஒரு கெண்டையோடு வீடு திரும்பினார். அதை அடுப்பங்கரையில் வைப்பதற்குள் வாசலில் சங்கிலிமுத்து, நிறைந்த கோர்வையோடு.

"எங்க வீட்டுல மீன் இருக்குலே. கொண்டு போ."

பொன்மணி எட்டிப் பார்த்தாள். "இது பூனைக்கே காணாதுங்க. நீங்க குடுங்க தம்பி."

அவள் கை நீட்டுவதற்கு முன்பே மாரிக்கண்ணனின் கை நீண்டுவிட்டது. வலது கை. ஓலை நாரை இரண்டு விரலால் கிள்ளிப் பிடுங்கிக்கொண்டார். இருந்த கோபத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இனிமே எங்கிட்டக் குடு. அவகிட்டக் குடுக்காத."

மதியம் எல்லா மீனும் ஒரே குழம்பில் கிடந்தன.

"இதுல எது என் மீனு?"

"யாருக்குத் தெரியும். தேடுங்க."

அவர் சட்டிக்குள் வலது கையை விட்டுத் தேடினார். தட்டோரம் கிடந்த கரண்டியை நான் எடுத்துக் கழுவி வைத்தேன்.