ஸ்டெல்லா அக்கா சொன்ன பொய்

தாம்பரத்தில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் கைப்பேசியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். கணினியிலும் மெசேஜ் செயலிகளைத் தடுத்து வைத்திருந்தார்கள்.

பக்கத்து இருக்கை ஸ்டெல்லா அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. செம்பாக்கம் வீட்டில் பகலெல்லாம் தனியாகப் படுத்திருப்பார். எது வேண்டுமென்றாலும் ஒற்றை விரலால் மெசேஜ்தான் அடிப்பார். ஒருநாள், தண்ணீர் கேட்டு அவர் காலையில் அனுப்பியதை மாலையில்தான் பார்த்துவிட்டு, அக்கா வாசலிலேயே அழுதார்.

மறுநாள் அக்காவின் கணினியில் நான் அந்தச் செயலியைப் போட்டு, செட்டிங்ஸில் வெளியிலுள்ள ஒரு ப்ராக்ஸி சர்வரின் முகவரியைக் கொடுத்தேன். மெசேஜ் அதன் வழியாகச் சுற்றிப் போனதால் அலுவலகத் தடை பலிக்கவில்லை. அவர் ஏதாவது கேட்டால், அக்கா உடனே பக்கத்து வீட்டுக்கு மெசேஜ் போட்டுச் சொல்லிவிடலாம்.

"மாட்டிக்க மாட்டோமேப்பா?" என்றார் அக்கா.

"ஒண்ணும் ஆகாதுக்கா. யாருக்கும் தெரியாது."

மூன்றே வாரத்தில் தெரிந்துவிட்டது. மேலாளர் எல்லோர் முன்னாலும் அக்காவைக் கேட்டார்: "இத யாரு செட் பண்ணிக் குடுத்தது?"

"நானேதான் சார். நெட்ல பாத்துப் பண்ணேன்."

பாஸ்வேர்டு மாற்றக்கூட என்னைக் கூப்பிடுகிறவர் அக்கா. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மதியமே அக்காவின் வேலை போனது.

வாசல்வரை கூடப் போனேன். "என் பேரச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீயே சொல்லுவேன்னு ஒரு நிமிஷம் பாத்தேன். பரவால்ல, உள்ள போ."

ஷேர் ஆட்டோவில் ஏறிய அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

உதவுகிற மனிதன் என்றுதான் அதுவரை என்னை நினைத்திருந்தேன். இப்போதும் அதே இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க அக்கா வீட்டுக்குப் போகும் தைரியம் இன்னும் வரவில்லை.