வரைபடத்தில் ஒரு வால்

அலுவலகத்தில் அவருக்குச் சங்கு என்று பெயர். முகத்துக்கு நேரே 'சங்கு சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் சங்கு. ஆலைகளில் நேரம் தவறாமல் ஊதுவார்களே, அந்தச் சங்கு. வெள்ளம், புயல், ரசாயனக் கசிவு என்று எது வந்தாலும் ஊரில் உள்ள கைபேசிகளை எல்லாம் ஒரே நேரத்தில் அலறவைப்பது இவர் வேலை. ஊரையே எழுப்புகிற மனிதர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசிக் கேட்டவர்கள் அங்கே குறைவு.

வேலை நடப்பது மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். மழை அளவும் ஆற்று மட்டமும் ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்றில் ஊரின் வரைபடம். எங்கே ஆபத்தோ அதைச் சுற்றி ஒரு கோடு இழுத்து மூட வேண்டும். பிறகு செய்தியை எழுத வேண்டும். பக்கத்து மேஜைக்காரர் இரண்டையும் பார்த்துச் சரி என்று தன் ரகசிய எண்ணைத் தட்டினால், கோட்டுக்குள் இருக்கிற டவர்கள் எல்லாம் சேர்ந்து கத்தும். யாருடைய நம்பரும் வேண்டாம். அந்த டவர்களின் கீழே நிற்கிற அத்தனை போனும் பத்து வினாடியில் அலறிவிடும், சைலன்ட்டில் போட்டிருந்தாலும் சரி.

ஒரே ஒரு குறை. பதில் வராது. யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள், யார் திட்டினார்கள், எதுவும் தெரியாது. ஒன்பது வருடமாக லட்சக்கணக்கான பேரிடம் பேசிய மனிதருக்கு ஒருவர்கூட "சரிங்க" என்று சொன்னதில்லை.

வீட்டிலும் கதை அதேதான். மாடியில் ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். கல்யாணம் என்ற பேச்சு நாற்பது வயதோடு நின்றுபோயிற்று. இப்போது ஐம்பத்து நாலு. அவர் போனுக்கு வருவதெல்லாம் கிரெடிட் கார்டு விற்கிறவர்களின் அழைப்புதான். அவர் அவசரப்படாமல் எல்லாச் சந்தேகமும் கேட்பார், அந்தப் பக்கம் மழையா என்றுகூடக் கேட்பார். கடைசியில் பொறுமை போய் விற்க வந்த பெண்ணே போனை வைத்துவிடுவாள்.

அவருக்கென்று இருந்தது ஓர் அக்கா. எட்டு வயது மூத்தவள், தையல்காரி. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இவருக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியதும், காய்ச்சல் வந்தால் உட்கார்ந்து பார்த்ததும் அவள்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு புயல் நாளில், பகல் இரண்டு மணிக்கு, அத்தான் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே சரிந்து விழுந்தார். அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பதினோரு தடவை. அந்த அறைக்குள் சொந்தப் போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. வெளியே வராந்தாவில் இரும்பு லாக்கருக்குள் அது பதினோரு தடவையும் அடித்து ஓய்ந்தது. இவர் உள்ளே உட்கார்ந்து, "வெளியே வராதீர்கள்" என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலிலேயே அக்கா நிறுத்தினாள்.

"ஊருக்கே சொல்ற ஆளாம். கூடப் பொறந்தவ கூப்பிட்டது காதுல விழல. போ, போய் ஊரப் பாரு."

அன்றோடு இவர் நம்பரை அடைத்துவிட்டாள். இவர் கூப்பிட்டால் பாதி மணி அடித்து நின்றுவிடும். இரண்டு தடவை நேரில் போய்ப் பார்த்தார். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அக்காவின் பிடிவாதம் இவருக்குத் தெரியாததா? மூன்றாம் தடவை போகத் தைரியம் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் கால்வாய் நிறைந்தது. இவர் கோடு இழுத்தார், செய்தி எழுதினார், அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். கோட்டின் ஓரத்தில் அக்காவின் தெரு. அப்படியென்றால் இந்நேரம் மெஷின் மேல் வைத்திருக்கும் அவள் போன் அலறியிருக்கும். எடுத்துப் பார்த்திருப்பாள். இவர் எழுதியதைப் படித்திருப்பாள். நம்பரை அடைக்கலாம், டவரை எப்படி அடைப்பாள்? மனிதருக்கு அன்றைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனார்.

சந்தோஷம் பொல்லாதது, மறுபடியும் கேட்கும். உண்மையில் அக்கா தெரு மேட்டில் இருந்தது. கால்வாய் தண்ணீர் மதகைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறாது. முதல் தடவை தெரியாமல் தாண்டிவிட்டது; கோடு மதகோடு நிற்க வேண்டும். இவர் அதை இரண்டு விரல்கடை இழுத்துவிட ஆரம்பித்தார். செய்தியும் மாறிற்று. "பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு" என்று எழுதிக்கொண்டிருந்தவர், "மாடிக்குப் போங்கள். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தை மறக்காதீர்கள்" என்று எழுதினார். அக்காவுக்கு ரத்த அழுத்தம், மாத்திரை போடுவதை மறந்துவிடுவாள். மேலதிகாரிக்கு அந்த நடை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இனி எல்லோரும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கையே விட்டார்.

பக்கத்து மேஜையில் இருந்தவர் முப்பது வயதுப் பெண். எல்லார் எழுத்துப் பிழையையும் திருத்துவதால் டீச்சர் என்று பெயர் வாங்கியவர்.

"சார், உங்க படத்துக்கு மட்டும் ஏன் எப்பவும் ஒரு வால் முளைக்குது?"

"தண்ணி சொல்லிட்டாம்மா வரும்? கொஞ்சம் தள்ளியே சொல்லி வைப்போம்."

பெரியவர், அனுபவஸ்தர். டீச்சர் எண்ணைத் தட்டிவிட்டார். இரண்டு வருடத்தில் ஏழு தடவை வால் முளைத்தது. ஏழு தடவையும் அந்தத் தெருக்காரர்கள் மூட்டை கட்டி, மாடி ஏறி, நனையாத தரையை வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

இவர் போன் சார்ஜ் ஏறாமல் தகராறு செய்தது. ஒரு சனிக்கிழமை காலை, ரிப்பேர் கடைக்குப் போனார். அது அக்கா தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. பக்கத்திலேயே ஒரு கடை இருக்கும்போது அவ்வளவு தூரம் ஏன் போனார் என்று நாம் கேட்க வேண்டாம். கடைக்காரர் போனைத் திறந்து பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"அந்த வெள்ள அலாரம் ஒண்ணு வருதே சார், அத வேணும்னா ஆஃப் பண்ணித் தரட்டுமா? காசு வேணாம். கால்வாய் மேட்டுத் தெருவுல வீட்டுக்கு வீடு நான்தான் ஆஃப் பண்ணிக் கொடுத்தேன். சும்மா சும்மா கத்துது, ஒரு சொட்டுத் தண்ணி வரலன்னு வரிசையா வந்துட்டாங்க."

சங்கு கடைக்காரர் பக்கம் குனிந்தார்.

"எல்லாருமேவா?"

"கிட்டத்தட்ட."

"தையல் தைக்கிற ஒரு அம்மா..."

"யார் யாருன்னு நான் எங்க சார் பார்த்தேன்? போனத்தான் பார்த்தேன்."

சார்ஜ் ஏறுகிற போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், கடை வாசலிலேயே வெகுநேரம் நின்றார். அந்தத் தெருவுக்குப் பின்னால்தான் பழைய ரசாயனக் கிடங்கு இருக்கிறது. நாளைக்கு அங்கே ஒன்று கசிந்தால், மேடு என்ன செய்யும்? நிஜமாகவே கத்த வேண்டிய நாளில் அந்தத் தெரு செவிடாக உட்கார்ந்திருக்கும். உள்ளே அக்காவும் மெஷின் மிதித்துக்கொண்டிருப்பாள். பாசம் பாசம் என்று இழுத்து, அவள் காதை இவரே அடைத்துவிட்டார். வாலை இனிமேல் வெட்டினால் மட்டும் போதாது. அடைத்த காதையெல்லாம் திறக்க வேண்டும், அதற்குச் செய்ததைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்த நாற்காலி போகும். நாற்காலி போனால் அக்காவிடம் பேச இந்த உலகத்தில் வேறு வழி கிடையாது. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மேலதிகாரி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். டீச்சருக்கு இதில் சம்பந்தம் இல்லை, நான்தான் ஏமாற்றினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஊர்ல இருக்கற டவரையெல்லாம் வெச்சு உங்க அக்காவுக்குக் கடுதாசி போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"பதில் போட்டாங்களா?"

"இதுல பதில் வராது சார்."

மேலதிகாரி மேற்கொண்டு திட்டவில்லை. இரண்டு ஊழியர்களை அந்தத் தெருவுக்கு அனுப்பி, இனிமேல் வீணாகக் கத்தாது என்று வாக்குக் கொடுத்து, வீடு வீடாக அலாரத்தை மறுபடி போடச் சொன்னார். சங்குவை அடித்தளத்துக் கிடங்குக்கு மாற்றினார். டீச்சர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் படியில் பார்த்தபோது, "என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கிடங்கில் செத்த பேட்டரிகள், கால் உடைந்த நாற்காலிகள், கேபிள் சுருள்கள். சங்கு அவற்றுக்கு ஒட்டுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரே சௌகரியம், அங்கே போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். லாக்கர் கிடையாது. இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த சௌகரியம், கூப்பிடத்தான் ஆள் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல். பையில் இருந்த போன் திடீரென்று அலறியது. சங்கு பதறிப்போய் ஒட்டுச் சீட்டுகளைக் கீழே போட்டார். ஒன்பது வருடம் ஊரை அலறவைத்தவர் அந்தச் சத்தத்தைத் தன் நெஞ்சுக்கு மேலே கேட்பது அதுதான் முதல் தடவை. கால்வாய் நிறைகிறது. மாடிக்குப் போங்கள். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தை மறக்காதீர்கள். தான் எழுதியதையே தனக்கு வந்த கடிதம் மாதிரி இரண்டு தடவை படித்தார். மேலே டீச்சர் கோடு இழுத்திருப்பார். அவர் கோடு மதகுக்கு இந்தப் பக்கம் சுத்தமாக நின்றிருக்கும். அக்காவின் போன் சத்தம் போட்டிருக்காது. அதுதான் சரி என்று சங்கு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், நெஞ்சு என்னவோ கேட்கவில்லை. குனிந்து சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

பாதி பொறுக்குவதற்குள் போன் மறுபடி அடித்தது. இது சாதாரண மணி. திரையில் 'அக்கா' என்று இருந்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"இருக்கியா?" என்றாள் அக்கா.

"இருக்கேன்க்கா."

"இந்தக் கொட்டுக் கொட்டுது, உன் சத்தத்தக் காணோமேன்னு பார்த்தேன். எத்தன மழ, ஒரு மழைக்காவது சத்தம் போடாம இருந்திருக்கியா? உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு..."

"நல்லாத்தான் இருக்கேன். வேற செக்‌ஷன் மாத்திட்டாங்க." ஏழு தடவையும் அது தன் சத்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன கேட்பது என்று தெரியாமல், வாயில் வந்ததைக் கேட்டார்: "மாத்திர போட்டியாக்கா?"

"ஊரு பூரா மானத்த வாங்கினியே, போடாம இருப்பேனா?"

சங்கு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு அக்கா, "அடிச்ச ஒடனே எடுத்துட்டியே" என்றாள்.

"இங்க போன் கூடவே வெச்சுக்கலாம்க்கா."

"அன்னிக்கும் வெச்சிருந்திருக்கலாம்."

"வெச்சிருந்திருக்கணும்க்கா."

அக்கா போனை வைக்கவில்லை. அடித்தளத்துக் கிடங்கில் மழைச் சத்தம் கேட்காது. அக்கா வீட்டுத் தகரக் கூரையில் அது கொட்டுவதைச் சங்கு போனில் கேட்டுக்கொண்டே நின்றார்.