ஷகீலாவோட ஒண்ணேகால் மணி நேரம்

ஷகீலாவை மொதல்ல ஓட வெச்சது ஒரு நாயி. சுகரு ஏறிப்போச்சி, தெனம் ஒரு மணி நேரம் நடன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்ச்சாங்க. விடியக்காலையில பட்டினப்பாக்கம் ரோட்டுல நடந்துக்கினு இருந்தவளைக் கறுப்பு நாய் ஒண்ணு தொரத்திச்சி. நூறடி ஓடிட்டு நாய் நின்னுடுச்சி. இவ நிக்கல. வூடு வரைக்கும் ஓடியாந்து, மூச்சு வாங்கிக்கினே எங்கிட்ட, "யம்மா, ஓடுனா சோக்கா கீதும்மா"ன்னா. இவளுக்கு இன்னாவோ ஆயிப்போச்சின்னு நெனச்சேன்.

ராஜா அண்ணாமலைபுரத்துல பெரிய வூடுங்களுக்குப் பின்னாடி எங்க தெரு. எனக்கு எதுர்வூடு அவ. நாப்பத்தாறு வயசு. தி.நகர் கடைங்களுக்குப் பொடவை ஃபால்ஸ் தெச்சிக் குடுக்கறா. நாளு பூரா மெசின்ல குந்திக்கினு இடுப்பு அண்டா மாரி ஆயிடுச்சின்னு நானே அவ மூஞ்சிக்கி நேரா சொல்லிக் கீறேன். கோச்சிக்க மாட்டா. புருசன் ஷரீஃபு, ஸ்கூட்டர் மெக்கானிக்கு. குடி கெடையாது, அடி கெடையாது. ஆனா ஒரு சொம்பை நவுத்தி வெக்க மாட்டான். எம் புருசனும் அதே ஜாதி மாடுதான். அவன் செத்து இருவத்திரெண்டு வருசம் ஆவுது. ஊரே அழுதுச்சி, நானும் அழுதேன். ஆனா தெனம் நாலு கொடம் தண்ணி கொறைஞ்சிப்போச்சி, அதையும் சொல்லணுமில்ல.

தண்ணியாலதான் வம்பே வந்துச்சி. எங்க தெருவுக்குத் தண்ணி லாரி காலையில அஞ்சரைக்கு வரும். ஷகீலா ஓடப்போறதும் அதே நேரம். கொடத்தை வரிசையில வெச்சிட்டு, பாத்துக்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போவா. நான் எத்தினி நாள் காவ காக்கறது? ஒரு நாளு கண்ணு அசந்துட்டேன். எவளோ ஒருத்தி இவ கொடத்தையெல்லாம் காலால ஒதைச்சித் தள்ளிட்டா. வூட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. ஷரீஃபு கையெல்லாம் கிரீஸோட நின்னுக்கினு, ஓட்டமெல்லாம் போதும், செருப்பைத் தூக்கிப் பரண்ல போடுன்னான். அவ விடல. அப்போ நீ புடி தண்ணியன்னா.

அங்கியே அவங்க வாசல்ல, நான் சாட்சியா, பேச்சு முடிஞ்சிது. தை மாசம் பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் வருது. போன வருசம் அதுல இவ ஒண்ணரை மணிக்கி ரெண்டு நிமிசம் கம்மியா ஓடினா. அதான் அவளோட நல்ல ஓட்டம். இந்த வாட்டி ஒண்ணேகால் மணிக்குள்ள ஓடிட்டா, இனிமே தெனம் ஷரீஃபு தண்ணி புடிக்கணும். இல்லாட்டி ஓட்டத்தை வுட்டுடணும். ஷரீஃபு சிரிச்சான். அவ சிரிக்கல. மறுநாளே போயி மெசின்ல குந்தறதுக்கு முன்னாடி மாடிப்படி ஏறி எறங்க ஆரம்பிச்சா.

நேப்பியர் பாலத்தாண்ட கெளம்பி, பீச் ரோடு, சாந்தோம், எங்க தெருமுனை, அப்பறம் அடையாறு பாலம் தாண்டிப் பெசன்ட் நகர் பீச்சுல முடியும் பந்தயம். எங்க தெருமுனை வழியாப் போவுதுன்னு தெரிஞ்ச ஒடனே செம்பியனுக்குக் கை அரிக்க ஆரம்பிச்சிடுச்சி.

செம்பியன் யாருன்னா, எங்க தெருவுல காது குத்துனாலும் செத்தாலும் பேனர் வெக்கறவன். சால்வை போத்தாம எவனையும் வுட மாட்டான். கார்ப்பரேசன்ல கொசு மருந்து அடிக்க வந்தவனுக்கே போத்தியிருக்கான். பந்தயத்தன்னிக்கி விடிஞ்சிப் பாக்கறேன், முனையில ஆளு ஒசரத்துக்கு ஷகீலா படம். சிங்கப்பெண்ணேன்னு போட்டிருக்குதாம். ரெண்டு மோளம், ரோசா மாலை, சால்வை, கற்பூரம் வெச்ச பூசணிக்கா. முனை டீக்கடை வலியுல்லா ஒரு குண்டான் ரோஸ்மில்க் கலக்கி எடுத்தாந்துட்டான். ஓடற பொம்பளை நின்னு குடிப்பாளாடான்னு கேட்டேன். ரெண்டு நிமிசம்தான ஆயான்னான் செம்பியன்.

ஷரீஃபு ஓரமா நின்னு போன்ல மணி பாத்துக்கினு இருந்தான். நாப்பத்தொம்பது நிமிசம் ஆவுதுன்னு அவன் சொல்லி வாய மூடல, வந்துட்டா. தலைக்கித் துணி கட்டிக்கினு, மொகமெல்லாம் செவந்து, பீரோவ உருட்டி வுட்ட மாரி வரா. ஆனா வேகம்னா வேகம். மோளக்காரன் எறங்கி அடிச்சான். செம்பியன் நடு ரோட்டுல பூந்து கைய விரிச்சிக்கினு நின்னுட்டான்.

பெரிய மனுசன் மாலைய எடுத்துக்கினு நிக்கறப்ப எங்க சனத்துக்கு ஒதுங்கிப் போவத் தெரியாது. அவளும் நின்னுட்டா. மாலை வுழுந்துச்சி. சால்வை வுழுந்துச்சி. ஒருத்தன் போட்டோ எடுத்தான், அதுல செம்பியன் கண்ணை மூடிட்டானாம், இன்னொண்ணு எடுன்னான். பூசணிக்காய மூணு சுத்து சுத்தினா ஒருத்தி. ஷகீலா காலு நின்ன எடத்துலியே தகதகன்னு ஆடிக்கினு கீது. கண்ணுல தண்ணி நிக்குது, வாயத் தொறந்து வேணாம்னு சொல்ல வரல.

நான் திரும்பி ஷரீஃபப் பாத்தேன். அசையாம நிக்கறான்.

"இன்னாடா, நோவாம ஜெயிச்சிடலாம்னு பாக்கறியா? ஆம்பளதான நீ?"ன்னு கேட்டேன்.

மூஞ்சி சுண்டிப்போச்சி அவனுக்கு. விருட்டுனு போயி, மாலையையும் சால்வையையும் அவ மேலேருந்து உருவி, அப்டியே செம்பியன் கழுத்துல மாட்டினான்.

"போமே, ஓடு. நேரம் போய்க்கினே கீது."

ஓடினா. பூசணிக்கா அவ பின்னாடி வெடிச்சிது. பின்னாடி ஓடியாந்த பேன்ட் போட்ட பசங்க ரெண்டு பேரு அதுல வழுக்கிட்டு இங்கிலீசுல திட்டினாங்க.

நானும் ஷரீஃபும் ஸ்கூட்டர்ல பின்னாடியே கெளம்பினோம். ரோடெல்லாம் அடைச்சிட்டான், கோட்டூர்புரம் சுத்திக்கினு போனோம். வழி பூரா நான் பேசிக்கினே போனேன். பீச்சுல கூட்டத்துல முண்டியடிச்சி முன்னால போறதுக்கும் அவ வந்து கோட்டைத் தாண்டறதுக்கும் சரியா இருந்துச்சி. மேல பெருசா கடிகாரம் ஓடுது. ஒரு மணி பதினாறு நிமிசம் நாப்பது செகண்டுன்னு ஷரீஃபு படிச்சான். படிச்சிட்டுத் தலையக் குனிஞ்சிக்கினான்.

அந்த ரெண்டு நிமிசத்தை செம்பியன் தின்னுட்டான். அவன் பேனரு நாசமாப் போவ.

ஷகீலா மெடலைக் கழுத்துல தொங்கவுட்டுக்கினு, காலைப் பரப்பி வாத்து மாரி நடந்து வந்தா. ஷரீஃபு போயி தண்ணி பாட்டிலைத் தொறந்து குடுத்தான். குடுத்துட்டு அவ மூஞ்சியப் பாக்காம கடலைப் பாத்துக்கினே சொன்னான்.

"தோத்தா தோத்துட்டுப் போ. வாரத்துல மூணு நாளு நான் புடிக்கறேன். நீ ஓடு."

அவ தண்ணியக் குடிச்சா. வாயத் தொடைச்சா. போனை எடுத்து நீட்டினா. அந்தக் கடிகாரம் மொத ஆளு கெளம்பினதுலேருந்து ஓடறதாம். கூட்டத்துல இவ கோட்டைத் தாண்டிக் கெளம்பவே ரெண்டரை நிமிசம் ஆயிடுச்சாம். இவ நேரத்தைக் காட்ட நெஞ்சுல குத்தின நம்பர் சீட்டுல தனியா ஒரு பட்டை ஒட்டிக் கீறாங்களாம். மெசேஜ் வந்திருக்குது: ஒரு மணி பதினாலு நிமிசம் எட்டு செகண்டு. போன வருசத்துக்கு பதினாலு நிமிசம் கம்மி. சால்வை, மாலை, போட்டோ எல்லாம் சேத்து.

"மூணு நாளு இல்ல. ஏழு நாளு"ன்னா ஷகீலா.

ஷரீஃபு போனை வாங்கி ரெண்டு வாட்டி பாத்தான். கிட்ட வெச்சிப் பாத்தான், தள்ளி வெச்சிப் பாத்தான். அப்பறம் கேட்டான், இருவத்தி மூணு வருசமா குடித்தனம் பண்ற மனுசன்:

"நம்ம வூட்டுக்கு ஒரு நாளைக்கி எத்தினி கொடம்?"

"பதினொண்ணு."

அப்டியே மணல்ல குந்திட்டான்.

"எனக்கு ரெண்டு கீது. சேத்துக்க, பதிமூணு"ன்னேன் நான்.